ரூரோனி கென்ஷின் படங்கள் மட்டும் எப்படி தப்பிச்சுது?

மேலோட்டமா பாத்தா நீங்க நாலு கேள்வி கேட்டிருக்கீங்க. மாங்காவ, அதாவது ஜப்பானிய காமிக்ஸ, ஆளுங்கள வச்சு படமா எடுத்தா ஏன் ஸ்கூல் ஆண்டு விழா மாறுவேடப் போட்டி மாதிரியே இருக்கு, ரூரோனி கென்ஷின் மட்டும் எப்படி அதுலேந்து தப்பிச்சுது, காசு நிறைய கொட்டுனாங்களா, மாங்கா படிக்காத ஆள் அஞ்சு படத்தயும் எந்த வரிசையில பாக்கணும். இதுல கடைசி கேள்விக்கு பதில் ரொம்ப சின்னது, கடைசியில சொல்றேன். முதல் மூணும் எனக்கு ஒரே கேள்வியாத்தான் தெரியுது: பேப்பர்ல கோடா இருந்தப்ப மறுபேச்சில்லாம நம்புன ஒரு விஷயத்த, அதையே ஒருத்தர் விக் மாட்டிக்கிட்டு செஞ்சா ஏன் சிரிப்பு வருது?

என்னப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன், அப்பதான் எதை எவ்வளவு நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். பதினேழு வருஷமா எடிட் டேபிள்ல உக்காந்திருக்கேன், முதல் ஆறு வருஷம் அசிஸ்டெண்ட், அப்ப பாட்டும் வசனமும் சீனியர் எடுத்துப்பாரு, ஃபைட் எல்லாம் என் தலையில கட்டிருவாரு, அப்படியே அது எனக்கு பழகிப் போச்சு. ஜப்பானிய மொழி எனக்கு தெரியாது, படத்த சப்டைட்டில்லதான் பாத்தேன், மாங்கா இருபத்தெட்டு வால்யூமும் இங்கிலீஷ்லதான் படிச்சேன். அதனால நடிகர்களோட வசன உச்சரிப்பு, பழைய காலத்து பேச்சு நடை இதப் பத்தியெல்லாம் நான் ஏதாவது சொன்னா பாதிதான் எடுத்துக்கணும். அடி எங்க விழுது, கட் எங்க விழுதுன்னு சொல்றத கொஞ்சம் தைரியமா நம்பலாம்.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா. நொபுஹிரோ வாட்சுகி 1994லேந்து 1999 வரைக்கும் வீக்லி ஷோனென் ஜம்ப் பத்திரிகையில எழுதி வரஞ்ச தொடர். காலம் மெய்ஜி 11, அதாவது 1878. ஷோகுன்னு சொல்ற ராணுவத் தலைவரோட ஆட்சி கவுந்து பத்து வருஷம் ஆயிருச்சு, 1876லயே கத்தி தூக்கிட்டு தெருவுல நடக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. அந்தப் புரட்சியில ஹிதோகிரி (ஆள வெட்டுறவன்) பட்டோசாய்னு பேர் வாங்குன ஒரு கொலைகாரன், இனிமே யாரையும் கொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு நாடோடியா சுத்திட்டிருக்கான், அவன்தான் கென்ஷின். அவன் இடுப்புல இருக்கறது சகாபாதோ. சாதாரண ஜப்பானியக் கத்தி வளைவோட வெளிப்பக்கம் கூரா இருக்கும், இதுல கூரு உள்பக்கம், அதாவது வீசுறவனப் பாத்து இருக்கு, எதிராளி மேல விழுறது மொக்கைப் பக்கம்தான். இத கெய்ஷி ஓடோமோ அஞ்சு படமா எடுத்தாரு: 2012ல முதல் படம், 2014 ஆகஸ்ட்லயும் செப்டம்பர்லயும் வில்லன் ஷிஷியோவோட கதை ரெண்டு படமா, அப்புறம் 2020ல வர வேண்டிய தி ஃபைனல், தி பிகினிங் ரெண்டும் கொரோனாவால தள்ளிப் போயி 2021 ஏப்ரல்லயும் ஜூன்லயும் வந்துச்சு. அஞ்சுலயும் கென்ஷின் தாகெரு சாதோதான்.

காசு விஷயத்த முதல்ல முடிச்சிருவோம், ஏன்னா எல்லாரும் அங்கதான் போய் நிக்கறாங்க. 2009ல ஹாலிவுட்ல டிராகன்பால எடுத்தாங்க, ஹாலிவுட் காசு, ஹாலிவுட் கிராஃபிக்ஸ், கடைசியில அந்தத் திரைக்கதைய எழுதினவரே 2016ல ரசிகர்கள்கிட்ட பகிரங்கமா மன்னிப்பு கேட்டாரு. அதே ஹாலிவுட் டெத் நோட்ட 2017ல சியாட்டிலுக்கு தூக்கிட்டுப் போயி எடுத்தாங்க, அதுவும் எடுபடல. ஆனா ஜப்பான்லயே 2006ல எடுத்த டெத் நோட்ட இன்னிக்குப் போட்டாலும் உக்காந்து பாக்கலாம், இத்தனைக்கும் அதுல வர்ற ஷினிகாமிய, அதாவது மரண தேவதைய, பாத்தா அந்தக் காலத்து வீடியோ கேம் பொம்மை மாதிரிதான் இருக்கும். ஏன் தாங்குதுன்னா அந்தக் கதைக்கு வேண்டியது ரெண்டு புத்திசாலிப் பசங்க, ஒரு நோட்டு, ஒரு பேனா. கதை என்ன கேக்குதோ அது கையில இருந்தா போதும். ஷின்ஜி ஹிகுச்சியோட 2015 அட்டாக் ஆன் டைட்டன்ல அந்த பூதங்க நிஜமாவே கொஞ்சம் பயமுறுத்தும், மனுஷங்க பேச ஆரம்பிச்சாதான் படம் படுத்துக்கும். 2017 ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்ல ஐரோப்பா மாதிரி ஒரு உலகம், இத்தாலியில போயி கொஞ்சம் ஷூட்டும் பண்ணாங்க, அதுல ஜப்பான் பசங்க மஞ்ச முடி வச்சுக்கிட்டு நிக்கறப்ப எவ்வளவு செலவு பண்ணாலும் முடி முடியாத்தான் தெரியும்.

கென்ஷினுக்கு இங்க ஒரு பெரிய அதிர்ஷ்டம். அது நடக்கற உலகம் நிஜ உலகம். மரக்கோவில், மண் தெரு, கிமோனோ, கத்தி, இத ஜப்பான் சினிமா மௌனப்பட காலத்துலேந்து எடுத்துட்டு இருக்கு, அங்க ஆர்ட் டைரக்டர்லேந்து விக் ஒட்டறவர் வரைக்கும் அத்துப்படி. அதுக்கு மேல ஓடோமோவே அந்தக் காலத்துலதான் குடியிருந்தாரு. அவரு ஜப்பானோட பொது ஒளிபரப்பு டிவியான என்எச்கேல வேலை பாத்தவர், 2010ல ஒரு வருஷம் முழுக்க ஓடுன ரியோமாதென்னு ஒரு சரித்திரத் தொடர இயக்குனவர், அதுவும் இதே ஷோகுன் ஆட்சி கவுர்ற காலம்தான். அதுல ஓகாதா இசோன்னு ஒரு கொலைகாரன் பாத்திரம், நிஜமா வாழ்ந்த ஆள், ஹிதோகிரின்னு பேர் வாங்குனவன். அத நடிச்சது யாருன்னு நெனக்கறீங்க, இதே தாகெரு சாதோ. அந்தத் தொடர்ல ஹீரோவா வந்த மசாஹாரு ஃபுகுயாமாதான் பின்னாடி கென்ஷினோட குரு ஹிகோ செய்ஜூரோவா வர்றாரு. இசையமைப்பாளர் நவோகி சாதோவும் அங்கேந்து வந்தவர்தான். அதாவது மாங்காவ வாங்கிட்டு வந்து இத எப்படிடா எடுக்கறதுன்னு யோசிச்ச டீம் இல்ல இது, அந்தக் காலத்து அழுக்கும் புழுதியும் ஏற்கனவே சட்டையில ஒட்டியிருந்த டீம். அந்த அழுக்கு முக்கியம். கென்ஷினோட சிவப்பு முடிய மங்கலாக்கி கிட்டத்தட்ட மண் நிறத்துக்கு கொண்டு வந்துட்டாங்க, துணி எல்லாம் நாலு வருஷம் துவைச்சுக் கட்டுன மாதிரி இருக்கு. மாறுவேடப் போட்டின்னு நீங்க சொன்னீங்கள்ல, அந்த உணர்வு வர்றதுக்கு முதல் காரணம் துணி புதுசா இருக்கறதுதாங்க. கடையில எடுத்து பிரிச்சு மாட்டுன மாதிரி கஞ்சி மொடமொடன்னு நின்னா எப்பேர்ப்பட்ட நடிகரும் பொம்மைதான்.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் விமர்சகர்கள் எல்லாரும் சொல்றதுதான். இனிமே சொல்லப் போறது என் தொழில்லேந்து வர்றது, இதத்தான் நான் முக்கியமா நெனக்கறேன். அந்த சகாபாதோ கத்தி.

பழைய சாமுராய் படங்கள பாத்திருந்தா தெரியும், அங்க சண்டைங்கறது பெரும்பாலும் காத்திருக்கறதுதான். 1962ல வந்த சஞ்சூரோவோட கடைசி காட்சி, ரெண்டு பேரும் எதிரெதிரா அசையாம நிக்கறாங்க, நிக்கறாங்க, நின்னுட்டே இருக்காங்க, ஒரே வீச்சு, ரத்தம் பீச்சி அடிக்குது, முடிஞ்சுது. கூரான கத்திக்கு அதுதான் நியாயம், பட்டா செத்தான். கூட்டத்தோட மோதற காட்சியிலயும் ஹீரோ ஒரு ஆளுக்கு ஒரு வீச்சுன்னு போயிட்டே இருப்பாரு, வெட்டுப்பட்டவன் ஒரு சுத்து சுத்தி விழுவான், அவ்வளவுதான். ஆனா கென்ஷின் கையில இருக்கறது வெட்டாது. அது கிட்டத்தட்ட ஒரு கிலோவுக்கு மேல எடை உள்ள ஒரு இரும்புக் கம்பி. ஒருத்தன கீழ தள்ளணும்னா எலும்புல அடிக்கணும், அவன் எந்திரிச்சா திரும்ப அடிக்கணும், கூட்டம்னா ஒருத்தன அடிச்சு இன்னொருத்தன் மேல தள்ளணும், கால வாரணும், உறையால குத்தணும், பிடியால தாடையில இடிக்கணும். சிலம்பம் சுத்துறவங்களுக்கு இது உடனே புரியும், வெட்டுற கை வேற அடிக்கற கை வேற. அதாவது ஒரு வீச்சுல முடியற ஜப்பானிய சண்டை இந்தக் கதைக்கு ஆகவே ஆகாது, அடி வாங்கி எந்திரிச்சு திரும்ப வாங்கற சண்டைதான் வேணும்.

அந்த மாதிரி சண்டை எங்க வளந்துச்சு? ஹாங்காங்ல. இந்தப் படத்தோட ஃபைட் மாஸ்டர் கென்ஜி தனிகாகி யாரு? ஜப்பான்லேந்து ஹாங்காங் போயி அங்கத்த சண்டை நடிகர் டானி யென் டீம்ல ஸ்டண்ட் பண்ணி வளந்தவரு. ஜப்பான் கத்திய ஹாங்காங் வேகத்துல வீசவச்சா நல்லா இருக்கும்னு யாரோ ஸ்டைலுக்காக யோசிச்சு பண்ணது மாதிரி இது வெளியிலேந்து தெரியும், எனக்கு அப்படி தெரியல, அந்தக் கத்தியே அந்த ஆளத்தான் கேட்டுச்சு. மாங்கா ஆசிரியர் பேப்பர்ல வரஞ்ச ஒரு தர்மசங்கடம், கொல்ல மாட்டேன் ஆனா சண்டை போடணும்ங்கறது, அது படத்துல ஒரு உடம்பு வேலையா மாறிருச்சு. வசனத்துல யாரும் விளக்க வேண்டியதில்ல. அவன் ஒவ்வொரு ஆளையும் உயிரோட விடறதுக்காக மூணு மடங்கு கஷ்டப்படறான்னு நம்ம கண்ணுக்கே தெரியுது.

இதுக்கு ஒரு உதாரணம் ரெண்டாவது படத்துல இருக்கு. அந்தக் கத்தி உடஞ்சு போயிருது, கொல்லன் செஞ்ச இன்னொரு கத்தி கைக்கு வருது, அது நிஜக் கத்தியா இல்ல தலைகீழ் கத்தியான்னு தெரியாது. ஒரு கைக்குழந்தைய காப்பாத்தணும், வேற வழி இல்லாம உருவி அடிச்சிடறான். எதிராளி விழுந்து கிடக்கறான். அந்த ஒரு நொடி அவன் மூஞ்சிய பாருங்க, பத்து வருஷ சத்தியம் போச்சுன்னு நெனக்கறான், அப்புறம்தான் அதுவும் சகாபாதோன்னு தெரியுது. அடிச்சவன் அடிபட்டவன விட அதிகமா பயப்படறான். இத மாதிரி ஒரு ஷாட் கிடைச்சா நான் எத்தன ஃப்ரேம் வேணாலும் விட்டு வைப்பேன்.

இப்ப டேபிள் பக்கத்துலேந்து ஒண்ணு சொல்றேன். சண்டையில அடி விழாதுங்கறது எல்லாருக்கும் தெரியும், விழுந்த மாதிரி காட்டறதுதான் நம்ம பொழப்பு. அடி விழற இடத்துல ரெண்டு ஃப்ரேம் உருவிட்டா கை திடீர்னு போயி மோதுன மாதிரி இருக்கும், ஒரு சவுண்ட் போட்டா முடிஞ்சுது. நடிகர் சரியா பயிற்சி எடுக்காம வந்துட்டா இந்த வேலை பத்து மடங்கு ஆகும். ஒரு தடவ ஒரு படத்துல ஹீரோ கத்திச் சண்டை, மனுஷன் மூணு நாள் கூட பயிற்சிக்கு வரல, எடுத்து வந்த ஷாட்டுங்கள்ல (ரஷ்னு சொல்லுவோம்) முழு வீச்சு ஒண்ணு கூட இல்ல, டூப்போட முதுகு, ஹீரோவோட மூஞ்சி, டூப்போட முதுகு, ஹீரோவோட மூஞ்சின்னு மாத்தி மாத்தி ஒட்டி ரெண்டு நிமிஷத்துல நூத்தி எம்பது கட்டு போட்டேன். தியேட்டர்ல பாத்தப்ப எனக்கே தல சுத்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவரு செம ஸ்பீடு சார்னாரு, நான் ஒண்ணும் சொல்லல. கென்ஷின் முதல் படத்த நான் பாத்தது அந்த வேலைய முடிச்ச கொஞ்ச நாள்லதான், அதனாலயே இவ்வளவு உறைச்சிருக்கலாம். அதுல சாதோவோட மூஞ்சியும் கையும் காலும் ஒரே ஃப்ரேம்ல இருக்கு, குனியறாரு, சறுக்கறாரு, திரும்பறாரு, மூணு பேர் விழறாங்க, அப்புறம்தான் கட்டு வருது. மனுஷன் 2007ல காமென் ரைடர்ங்கற சூப்பர்ஹீரோ டிவி தொடர்ல ஹீரோவா இருந்தவர், டான்ஸ் தெரிஞ்ச உடம்பு, ஒல்லியா இருக்கறதால எடை மாத்தறது சட்டுன்னு நடக்குது. கயிறே கட்டலன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், சுவத்துல ஓடற ஷாட்டெல்லாம் இருக்கு. ஆனா கயிறு தூக்குற ஆளுக்கு பாதம் தரையில அழுந்தாது, அத மறைக்கவே முடியாது, இவரு பாதம் அழுந்துது, புழுதி கிளம்புது. அதத்தான் கண்ணு நம்புது.

மாங்காவுல நேரம் வேற மாதிரி ஓடும்ங்கறதயும் சொல்லணும். ஒரு வீச்சுக்கு ரெண்டு பக்கம் எடுத்துக்கலாம், கத்தி பாதி வழியில இருக்கறப்ப ரெண்டு பேரும் அவங்கவங்க கொள்கைய பேசி முடிக்கலாம், படிக்கறவன் தப்பா எடுத்துக்க மாட்டான், ஏன்னா நேரத்த ஓட்டறது அவன் விரல்தான், பக்கத்த எப்ப திருப்பறானோ அப்ப அடி விழும். சினிமாவுல விநாடிக்கு 24 ஃப்ரேம், அது நமக்காக நிக்காது. மாங்காவுல கென்ஷின் ஒவ்வொரு அடிக்கும் பேர் சொல்லி அடிப்பான், படத்துல அத பெரும்பாலும் விட்டுட்டாங்க. பேச்ச சண்டைக்கு முன்னாடியும் பின்னாடியும் வச்சுட்டு நடுவுல மூச்சு சத்தம் மட்டும் விட்டிருக்காங்க. ரொம்ப சின்ன முடிவு மாதிரி தெரியும், நிறைய மாங்கா படங்க செத்தது இந்த இடத்துலதான்.

அதுக்காக கார்ட்டூன்தனத்த முழுசா துடச்சு எடுத்துட்டாங்கன்னும் இல்ல. கென்ஷின் தன்ன செஸ்ஷான்னு சொல்லிக்கறது, வாக்கியத்த தே கோசாருன்னு முடிக்கறது, இதெல்லாம் அந்தக் காலத்துக்கே கொஞ்சம் பழசான பேச்சு, நம்ம ஊர்ல ஒருத்தன் டீக்கடையில நின்னு அடியேன் ஒரு டீ அருந்துகிறேன்னு சொன்னா எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அந்த ருசின்னு ஜப்பானிய மொழி படிச்ச ஒரு நண்பர் சொன்னாரு. கொலைகார புத்தி தல தூக்குறப்ப அதே ஆளு ஓரேன்னு முரட்டுத்தனமா தன்ன சொல்லிக்க ஆரம்பிப்பான். சப்டைட்டில்ல ரெண்டுமே நான்தான். தமிழ்ல யாராச்சும் போட்டா அழகா பிரிக்கலாம். முதல் படத்துல கென்ஷினோட கூட்டாளி சானோசுகேவும் இன்னொரு தடியனும் சமையக்கட்டுல அடிச்சுக்கற சண்டை இருக்கு, நடுவுல சாப்பிட ஒரு இடைவேளை விட்டுட்டு திரும்ப ஆரம்பிப்பாங்க, அது சுத்தமான மாங்கா. பக்கத்து ரூம்ல சீரியஸா ஒண்ணு ஓடிட்டிருக்கும். ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கறது உறுத்தல, ஏன்னு கேட்டா எனக்கு தெளிவான பதில் இல்ல, அடியோட கனம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கறதாலயோ என்னவோ.

கதைய சுருக்குன விதத்துல எனக்கு பாராட்டும் இருக்கு, புகாரும் இருக்கு. முதல் படத்துல நல்லா வேலை பாத்திருக்காங்க. மாங்காவுல ஆரம்பத்துல வர்ற போலி பட்டோசாய், அப்புறம் வர்ற கொலைகாரன் உதோ ஜின்ஏ, ரெண்டயும் ஒரே ஆளாக்கிட்டாங்க. போர்க்களத்துல கென்ஷின் விட்டுட்டுப் போன கத்திய ஜின்ஏ எடுத்துக்கறான், அப்ப அவன் தூக்கிட்டுத் திரியறது கென்ஷினோட பழைய வாழ்க்கை. அபின் வியாபாரி கான்ர்யூவோட அடியாளுங்களா, மாங்காவுல ரொம்ப பின்னாடி வர்ற ரெண்டு பேர முன்னாடி இழுத்துட்டாங்க. தீவிர ரசிகர்கள் திட்டுனாங்க, எனக்கு சரின்னுதான் படுது. ஆனா ஷிஷியோ கதையில இந்த சுருக்கல் உதைக்குது. ஷிஷியோகிட்ட பத்து பேர் கொண்ட ஒரு படை, மாங்காவுல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கத, படத்துல சோஜிரோவயும் கத்தி பொறுக்கற சோவயும் விட்டா மீதி பேரு வரிசையில நிக்கறதுக்குத்தான் இருக்காங்க. அதுக்கு மூணாவது படத்தோட முதல் பாதி முழுக்க குருகிட்ட பயிற்சி, கெஞ்சல், திரும்ப பயிற்சின்னு இழுக்குது, என்கிட்ட கொடுத்திருந்தா பதினஞ்சு நிமிஷம் எடுத்திருப்பேன். ஷிஷியோவா நடிச்ச தத்சுயா ஃபுஜிவாரா, 2006 டெத் நோட்டோட ஹீரோ அவருதான், உடம்பு பூரா கட்டு, மூஞ்சியில பாதி கூட தெரியாது, கண்ணையும் தொண்டையையும் மட்டும் வச்சு அந்த ரெண்டு படத்தயும் தூக்கி நிறுத்திட்டாரு. கடைசியில எரியற கப்பல்ல நாலு பேரு சேந்து அவர ஒருத்தர அடிக்கறாங்க, நாலு பேரும் தோக்கற மாதிரிதான் இருக்கும். தி ஃபைனல்ல மாங்காவோட மிகப் பெரிய அதிர்ச்சி ஒண்ண, கென்ஷினுக்கு நெருக்கமான பொண்ணு கவோரு செத்துப் போயிட்டதா எல்லாரும் நம்பறத, அப்படியே தூக்கிட்டாங்க. எனக்கு அது இழப்புதான். கென்ஷின் முழுசா உடஞ்சு போய் உக்கார்ற இடம் அதனால போச்சு.

சரித்திரம் எவ்வளவு நிஜம்னும் கேப்பீங்க. கென்ஷின் கற்பனை, ஆனா காவகாமி கென்சாய்னு ஒரு நிஜ கொலைகாரர அடிப்படையா வச்சு உருவாக்குனது. சிகரெட்டோட வர்ற போலீஸ்காரர் சைட்டோ ஹாஜிமே நிஜமா வாழ்ந்தவர், ஷோகுன் பக்கம் நின்ன ஷின்சென்குமி படையில தளபதியா இருந்து, தோத்த பக்கத்து ஆளா இருந்தும் பின்னாடி ஃபுஜிதா கோரோன்னு பேர மாத்திக்கிட்டு டோக்கியோ போலீஸ்ல சேந்தாரு. அமைச்சர் ஓகுபோ தோஷிமிச்சி 1878 மே 14ஆம் தேதி கொல்லப்பட்டதும் உண்மை, கொன்னது அதிருப்தியில இருந்த சாமுராய்ங்க, கதையில அந்தப் பழிய சோஜிரோ கையில கொடுத்து ஷிஷியோ சதியோட முடிச்சுப் போட்டிருக்காங்க. தி பிகினிங்ல வர்ற இகேதாயா விடுதி தாக்குதலும் 1864ல நிஜமா நடந்தது.

தி பிகினிங் பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா கத்தி பத்தி நான் சொன்னது சரியா தப்பான்னு பாக்க அதுதான் இடம். அது முன்கதை, அதுல அவன் கையில இருக்கறது நிஜக் கத்தி. அதே இயக்குனர், அதே ஃபைட் மாஸ்டர், அதே நடிகர், ஆனா சண்டை அடியோட மாறிருது. ஆரம்பக் காட்சியில கையக் கட்டிப் போட்டிருப்பாங்க, கத்திய வாயில கவ்விக்கிட்டே கொல்றான். அதுக்கப்புறம் வர்ற சண்டைங்களும் அப்படித்தான், சுருக்கமா, சத்தமில்லாம, ரத்தமா இருக்கு. முன்னாடி பாத்த சறுக்கல், ஓட்டம், துள்ளல் எல்லாம் கொறஞ்சு போச்சு, தேவை இல்ல, பட்டா செத்தான். படமே மெதுவா மாறி, பாதிக்கு மேல ஒரு பையனும் பொண்ணும் கிராமத்து வீட்டுல காய்கறி போட்டு வாழற கதையா போகுது, கசுமி அரிமுரா அந்தப் பொண்ணு தொமோஎயா வர்றாங்க, அதிகம் பேசவே மாட்டாங்க. கென்ஷின் கன்னத்துல இருக்கற அந்த குறுக்கு வெட்டுத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு இதுலதான் முழுசா தெரியும், நான் சொல்லல. ஒரு வேடிக்கை, கதைப்படி அப்ப கென்ஷினுக்கு வயசு பதினஞ்சு இருக்கும், படம் வந்தப்ப சாதோவுக்கு முப்பது தாண்டிருச்சு. சாதோ நடிச்ச கென்ஷின்கள்லயே சின்ன வயசு கென்ஷின நடிச்சப்பதான் அவருக்கு வயசு கூடியிருந்துச்சு. எனக்கு உறுத்தல, உங்களுக்கு உறுத்தலாம்.

இப்ப என் வாதத்துல எது கெட்டி எது தளர்வுன்னும் சொல்லிடறேன். ஆளுங்க, தேதி, யார் எங்கேந்து வந்தாங்கங்கறது எல்லாம் கெட்டி. ஜனங்க காசு கொடுத்து பாத்தாங்கங்கறதும் கெட்டி, முதல் படம் ஜப்பான்ல 300 கோடி யென் தாண்டுச்சு, ரெண்டாவது 500 கோடி தாண்டுச்சு. கத்திதான் ஹாங்காங் சண்டைய கேட்டுச்சுங்கறது என் வாசிப்பு, தனிகாகி அப்படி யோசிச்சாருன்னு நான் எங்கயும் படிச்சு சொல்லல, திரையில தெரியறத வச்சு சொல்றேன். நிஜ உலகக் கதைதான் தப்பிக்கும்னு நான் சொன்னதுக்கு எதிர் சாட்சியும் இருக்கு: 2023ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த ஒன் பீஸ். ரப்பர் மாதிரி கை நீளற பையன் கதை, என் கணக்குப்படி மண்ணக் கவ்வியிருக்கணும், கவ்வல. அதுக்கு அதோட ஆசிரியர் எய்ச்சிரோ ஓடாவே தயாரிப்புல கூட உக்காந்தது காரணமா இருக்கலாம். அந்த ஓடா ஒரு காலத்துல வாட்சுகிகிட்ட கென்ஷின் வரையறதுக்கு அசிஸ்டெண்ட்டா இருந்தவர். அதுல சோரோவா மூணு கத்தி சுத்தற மக்கென்யூதான் தி ஃபைனல்ல வில்லன் எனிஷி. எனிஷிய ரயிலுக்குள்ள போலீஸ் பிடிக்கப் போற அந்த ஆரம்பச் சண்டைய பாத்தவங்க, அவர சோரோவா போட்டாங்கன்னதும் கவலையே பட்டிருக்க மாட்டாங்க. அதனால உலகம் நிஜமா பொய்யாங்கறத விட, அடி வாங்குற உடம்பு நிஜமா இருக்கணும்னு வேணா என் கட்சிய திருத்திக்கறேன்.

சரி, வரிசை. வெளிவந்த வரிசையிலயே பாருங்க: 2012 படம், 2014 ரெண்டு, தி ஃபைனல், கடைசியா தி பிகினிங். காலவரிசைன்னு தி பிகினிங்க முதல்ல போட சொல்றவங்க இருக்காங்க, வேணாம், முதல்லயே அத பாத்தா மெதுவா போற ஒரு சோகக் கதையாத்தான் இருக்கும். நாலு படம் அவன் யாரையும் கொல்லாம இருக்க பாடுபடறத பாத்துட்டு அப்புறம் அவன் கொல்றத பாத்தாதான் வயித்த பிசையும். தி ஃபைனல்ல அந்தப் பழைய கதைய துண்டு துண்டா காட்டிருவாங்கதான், முடிவு கொஞ்சம் தெரிஞ்சிரும், பரவால்ல. ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே வாரத்துல பாத்துருங்க, ரெண்டாவது பாதியிலதான் நிக்கும். மாங்கா படிக்காம தாராளமா பாக்கலாம், சானோசுகே, நின்ஜா தலைவன் அவோஷி ரெண்டு பேரு மட்டும் ஏன் இவ்வளவு கோவமா இருக்காங்கன்னு சரியா புரியாது, அதுக்கு மாங்காதான் போகணும். இங்கிலீஷ் டப்பிங் இருந்தா கூட ஜப்பானியத்துலயே போட்டுக்குங்க, முதல் படத்துல அந்த டோஜோ (கத்திப் பயிற்சிக்கூடம்) சண்டை வர்றப்ப மட்டும் சப்டைட்டில பாக்காதீங்க, காலப் பாருங்க.